கதை எழுதுவோர் கேள்வி பதில்: ஆற்றுப் பேய்மகளின் காதல்

கேள்வி: பதினாறு, பதினேழு வயதினருக்காக ஒரு நெடுங்கதை எழுதுகிறேன். ஆற்றில் வாழும் கோர உருவப் பெண், கரையிலுள்ள பையனை விரும்புகிறாள். படித்த தோழிகள், "பாவமா இருக்கு, பயமே வரலை" என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, திருவையாறு

பதில்: அவள் பசியும் ஆசையும் தனித்தனியே கிடப்பதுதான் காரணம். ராத்திரி யாரையோ கொல்கிறாள், மறுநாள் இவனுக்காக ஏங்குகிறாள் என்றால் இரண்டும் ஒட்டாது. எதற்காக அவனை நெருங்குகிறாளோ, அதுவே அவனை அழிக்க வேண்டும். உடம்புச் சூட்டை உறிஞ்சி வாழ்பவள் என்று வையுங்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாலே அவனுக்கு விரல்நுனி மரக்கும். கால் மணி நேரத்தில் நாக்குக் குழறும். அப்புறம் ஒவ்வொரு சந்திப்பிலும் வாசகர் மனம் நிமிடங்களை எண்ணிக்கொண்டே இருக்கும். முதல் அத்தியாயத்திலேயே இதை ஓர் ஆட்டுக்குட்டி மேல் காட்டிவிடுங்கள். பாதியில் 'அவனுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது' என்று தளர்த்தினீர்களானால் பயமும் போகும், காதலும் போகும்.

அடுத்தது தண்ணீர். பங்குனியிலும் சித்திரையிலும் ஆறு நிறைய ஓடுவதாக எழுதினால் காவிரி டெல்டாக்காரர் புத்தகத்தை மூடிவிடுவார். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. கதை நடக்கும் ஆண்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் மணலுக்கு நடுவே ஒரு மடு மட்டும் மிஞ்சட்டும். மடு சுருங்கச் சுருங்க அவள் ஒளிய இடமில்லை, பசியும் ஏறும், அவனோ தினம் வருகிறான். கதையின் உச்சம் அங்கேதான் இருக்கிறது. பலரும் அதை ஆடிப்பெருக்கு வெள்ளத்தில் வைக்கிறார்கள். அன்று படித்துறையில் ஊரே நிற்கும், தனிமைக்கு இடமேது?

பயத்துக்கு ரத்தம் வேண்டாம். குறுவை நெல் நட்ட வயலில் தவளைகள் கத்திக்கொண்டே இருக்கும். ஆள் நெருங்கினால் சட்டென்று அடங்கும். முதல் முறை அவள் வருகையில் அப்படி அடங்கும்போது அவன் பயப்படட்டும். பின்னொரு நாள் அதே அமைதிக்காக அவன் காத்திருக்கட்டும்.

கேள்வி: தான் யாரென்று அவள் எப்போது சொல்ல வேண்டும்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அவன் அவளைத் தொடுவதற்கு முன்னால். தெரியாமல் தொட்டவன் ஏமாற்றப்பட்டவன். தெரிந்து கை நீட்டினால்தான் அது காதல். இளம் வாசகருக்கு எழுதும்போது இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: கடைசியில் அவள் அழகிய மனுஷியாக மாறலாமா?
– வாசகி, காரைக்கால்

பதில்: வேண்டாம். மாறினால், அவள் அவளாக இருந்தவரை அன்புக்குத் தகுதியில்லை என்றாகிவிடும். உங்கள் ஊர்க் காரைக்கால் அம்மையாரையே எண்ணிப் பாருங்கள். கணவன் அஞ்சி விலகியது அவர் அழகிய பெண்ணாக இருந்தபோது. பேய்வடிவை அவரே வேண்டிப் பெற்றார். அந்த வடிவில் தலையால் நடந்து சென்றவரைத்தான் இறைவன் 'அம்மையே' என்றழைத்தார். அது பக்தி, உங்களுடையது காதல் கதை. ஆனாலும் கோர உருவம் தண்டனையாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை.

கேள்வி: அவள் செந்தமிழில் பேசலாமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: எங்கே கற்றாள்? படித்துறையில் துணி துவைக்கிறவர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள். சீட்டுப் பணம், மாமியார் சண்டை, யார் வீட்டில் விசேஷம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பள்ளிக்கூடம், செல்போன் பற்றிக் கேட்டால் விழிப்பாள். அவனோடு பேசும் முதல் பேச்சை அந்தச் சொற்களை மட்டும் வைத்து எழுதுங்கள்.