பத்து முறை டிடிசிஎஸ் கொடுத்தும் தம்பிக்கு ஞாபகம் தேறவில்லை என்றால்

ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய் உள்ள தம்பிக்குப் பத்து முறை டிடிசிஎஸ் (தலைக்கு மெல்லிய மின்சாரம் செலுத்தும் மின்தூண்டல்) கொடுத்துவிட்டீர்கள், மறுபடி கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு இன்னொரு பத்து முறைக்குப் பணம் கட்டாதீர்கள். யாரும் பேசாமலே குரல் கேட்பது குறைந்துவிட்டது, ஞாபகமும் கவனமும்தான் அப்படியே இருக்கிறது என்கிறீர்கள். ஸ்கிசோஃப்ரினியாவில் அது நடக்கக்கூடியதுதான். 2 மில்லியாம்பியர் மின்சாரத்தால் ஞாபகத்துக்குக் கிடைக்கும் பலன் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது, கிடைத்தாலும் பெரும்பாலும் சிறியது.

முதலில் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். கை நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில் எழுதியிருக்கிறார்களா? அந்த மாத்திரையே ஞாபகத்தை மந்தமாக்கும், வீட்டில் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. அளவைக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், மின்தூண்டலை மட்டும் நம்பாமல் கவனம், ஞாபகத்துக்கான பயிற்சியைக் கேளுங்கள். பெங்களூரிலேயே இருப்பதால் ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் மனநல மறுவாழ்வுப் பிரிவில் விசாரிக்கலாம். மறுபடி மின்தூண்டலுக்குப் போவதானால் முன்னும் பின்னும் ஒரே ஞாபகப் பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தேறினானா என்று யாராலும் சொல்ல முடியாது.

தம்பிக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தாலோ தலையில் உலோகம் இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆன்லைனில் விற்கும் கருவியை வாங்கி வீட்டில் மாட்டிப் பார்க்கவே வேண்டாம்.