கோட்டிங்கெனில் உங்கள் மகளுக்கு நிறைய நேரம் இருக்கும்

வணக்கம் அம்மா,

மகளுக்கு ஜெர்மனியின் கோட்டிங்கென் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் முதுநிலைக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் அந்த ஊர் வீடியோக்களைப் பார்த்ததிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். தெருவெல்லாம் இளசுகள், கையில் பீர் பாட்டில், ஊர் நடுவில் ஒரு சிலைக்கு முத்தம். இது படிக்கிற இடமா என்பது உங்கள் கேள்வி.

முதலில் அந்தச் சிலையை முடித்துவிடுவோம். பழைய நகர மன்றத்துக்கு முன்னால் 1901-இல் வைக்கப்பட்ட வாத்து மேய்க்கும் சிறுமி அவள் (இப்போது நிற்பது நகல்). கேன்ஸலீசல் என்று பெயர். அங்கே முனைவர் பட்டம் முடித்தவரை நண்பர்கள் அலங்கரித்த வண்டியில் வைத்து இழுத்து வருவார்கள். அவர் மேலே ஏறி அவளுக்கு ஒரு முத்தம் கொடுப்பார். உங்கள் மகளும் ஒருநாள் அப்படி ஏறினால் நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஊர் கலகலப்பானதுதான், மறுக்க மாட்டேன். சுமார் 1.2 லட்சம் பேர் வாழும் ஊரில் இருபதாயிரத்துக்கும் மேல் மாணவர்கள். கணித மேதை காஸ் வேலை செய்த இடம்; 1925-இல் இயற்பியலாளர்கள் ஹைசன்பெர்க்கும் மாக்ஸ் போர்னும் குவாண்டம் இயக்கவியலுக்கு உருக்கொடுத்த இடமும் அதுதான். மாணவர்கள் கூட்டமாகத் திரிவதும் படிப்பும் அங்கே பல தலைமுறைகளாகச் சேர்ந்தே இருக்கின்றன. வெள்ளிக்கிழமை இரவுக் கொண்டாட்டத்தால் படிப்பைக் கோட்டைவிட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் நான் கவனித்தவரை, நம் பிள்ளைகள் சறுக்குவது வேறு இடத்தில்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். முதுநிலை என்பது நான்கு செமஸ்டர், மொத்தம் 120 கிரெடிட், செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 30 என்றே வைத்தால் செமஸ்டருக்கு 900 மணி நேரம். வகுப்பு எவ்வளவு? வாரம் 18 மணி என்று தாராளமாகவே வைத்து, பதினான்கு வாரத்துக்குப் பெருக்கினால் 252. மீதி சுமார் 650 மணி நேரம் அவளாக உட்கார்ந்து படிக்க வேண்டியது. அதை எப்போது, எங்கே செய்கிறாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பெரும்பாலான விரிவுரைகளில் வருகைப் பதிவே கிடையாது. பல பாடங்களுக்கு மாதத் தேர்வு கிடையாது, வீட்டுக்கு போன் போடும் வகுப்பாசிரியர் கிடையாது. அக்டோபரில் தொடங்கும் வகுப்பு பிப்ரவரியில் முடியும். பல பாடங்களின் முழு மதிப்பெண்ணும் கடைசியில் வரும் ஒரே தேர்வில்தான். ஆள் பார்த்துக்கொண்டிருந்ததால் மட்டுமே படித்த பிள்ளை அங்கே முதல் இரண்டு மாதம் விடுமுறையில் இருப்பதுபோலத்தான் இருக்கும். டிசம்பரில்தான் திடுக்கிடும்.

இன்னொன்று, தேர்வுக்குத் தனியாக ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். கெடு தாண்டினால் எழுத முடியாது. ஒரு பாடத்தை எத்தனை முறை எழுதலாம் என்பது அந்தப் படிப்பின் விதிமுறையில் இருக்கும், அது வரம்புக்கு உட்பட்டது. கட்டாயப் பாடத்தில் கடைசி வாய்ப்பும் போனால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அதே படிப்பில் ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் சேர முடியாமல் போகும். நம் ஊர் அரியர் மாதிரி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. விமானம் ஏறுமுன் அந்த விதிமுறையை அவள் ஒரு தடவை முழுக்கப் படித்திருக்கட்டும். (அப்புறம், 1.3 வாங்கினேன் என்று சொன்னால் பதறாதீர்கள். அங்கே 1.0-தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 ஃபெயில்.)

பகுதிநேர வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாணவர் விசாவில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக முதல் செமஸ்டரிலேயே இறங்க வேண்டாம். அந்த 650 மணி நேரத்திலிருந்துதான் அது எடுக்கும். பிளாக்டு அக்கவுண்டில் (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) ஓராண்டுக்குப் போடும் 11,904 யூரோ மாதம் 992 வீதம்தான் கைக்கு வரும். முதல் ஆறு மாதத்தை அதிலேயே ஓட்டத் திட்டமிடுங்கள். பிறகு வேலை தேடும்போது பேராசிரியரிடம் உதவியாளராகச் சேர முயலட்டும். ‘ஹிவி’ என்பார்கள். பல்கலைக்கழகத்துக்குள் செய்யும் அந்த வேலை 140 நாள் கணக்கில் சேராது, நற்சான்றிதழ் எழுதித்தர ஒரு பேராசிரியரும் கிடைப்பார்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஊர் அவளை இழுத்துக்கொண்டுபோகும் என்று பயப்படுகிறீர்கள். எனக்கோ, அவள் ஊருக்குள் போகாமல் அறையிலேயே இருந்துவிடுவாளோ என்றுதான் கவலை. டிசம்பரில் மாலை நாலு மணி தாண்டினால் இருட்டு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். லேப்டாப்பும் போனும் போதும் என்று நான்கு சுவருக்குள் இருந்துவிடுகிற பிள்ளைகள்தான் படிப்பிலும் பின்தங்குகிறார்கள், அதை யாரிடமும் சொல்வதுமில்லை. அதனால் செமஸ்டர் தொடக்கத்தில் நடக்கும் அறிமுக வாரத்தை அவள் தவறவிடக் கூடாது. சீனியர்கள் நடத்துவது அது. கொஞ்சம் கூத்தும் இருக்கும், இருக்கட்டும். தேர்வுக்குச் சேர்ந்து படிக்கும் குழு அங்கேதான் அமைகிறது. பல்கலைக்கழக விளையாட்டு வகுப்பில் ஏதாவது ஒன்றில் சேரட்டும். மனசு சரியில்லை என்றால் மாணவர் நல அமைப்பில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள் என்பதை இப்போதே சொல்லிவையுங்கள்.

ஜெர்மன் மொழியை மட்டும் தள்ளிப்போட விடாதீர்கள். பாடம் ஆங்கிலத்தில் இருக்கும், வேலை பெரும்பாலும் அப்படி இருக்காது. பட்டம் முடித்தபின் வேலை தேட 18 மாதம் வரை தங்க அனுமதி உண்டு. மொழி தெரியாதவர்களுக்கு அதில் பாதி மொழி கற்பதிலேயே போய்விடுகிறது. கோட்டிங்கெனில் ஆய்வகக் கருவிகள் செய்யும் சர்டோரியஸ் போன்ற நிறுவனங்கள் இருந்தாலும் அது பெரிய தொழில் நகரமல்ல. செமஸ்டர் இடைவெளியில் வேறு ஊர்களிலும் இன்டர்ன்ஷிப் தேட வேண்டிவரும், அங்கே நேர்காணலில் முதலில் சோதிப்பது ஜெர்மன் மொழியைத்தான்.

போனில் பேசும்போது பார்ட்டிக்குப் போனாயா என்று துருவ வேண்டாம், உண்மை வராது. நவம்பரில் ‘உன்கூட யார் படிக்கிறார்கள்?’ என்று கேளுங்கள். டிசம்பரில் ‘எந்தெந்தத் தேர்வுக்குப் பதிவு செய்தாய், கெடு என்ன தேதி?’ என்று கேளுங்கள். இரண்டுக்கும் பட்டென்று பதில் வந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மாணவர் விடுதிக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அட்மிஷன் கடிதம் கையில் இருக்கிறதே, விசாவுக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே போட்டுவிடச் சொல்லுங்கள். அக்டோபரில் அங்கே அறைக்கு அடிதடி. போய் இறங்கியதும், குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட படிவம் தேவை, சாவி வாங்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.