வேலியோரத்து மரங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒற்றை இலையின் படத்தோடு வந்தவை. இலை கிளையில் எப்படி அமர்ந்திருக்கிறது என்பது தெரியாமல் மரத்தின் பெயரைச் சொல்வது கடினம் என்பதால், ஒரு முழுச் சிறுகிளையையும், பூவோ காயோ இருந்தால் அதையும், அடிமரப் பட்டையையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்ப வேண்டுகிறேன்.

புதிதாக வாங்கிய நிலத்தின் கிணற்றுமேட்டில், சிறிய ஆரஞ்சு போலப் பழுக்கும் ஒரு மரம் நிற்கிறது. விற்றவர் தேற்றான் மரம் என்றார். பிள்ளைகள் பழத்தைப் பொறுக்கி விளையாடுகிறார்கள். சரிதானா?

முதலில் பழங்களைப் பிள்ளைகளிடமிருந்து வாங்கிவிடுங்கள். அது எட்டி மரம். எதிரெதிராக அமைந்த பளபளப்பான இலைகளும், இலையடியிலிருந்தே பிரிந்து நுனியை நோக்கி வளைந்தோடும் மூன்று அல்லது ஐந்து நரம்புகளும் எட்டிக்கும் தேற்றானுக்கும் பொதுவானவை. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை ஆதலால், இலையை மட்டும் பார்த்தவர் தடுமாறியதில் வியப்பில்லை. பழத்தைப் பார்த்தால் குழப்பம் தீரும். தேற்றான் பழம் சிறியது, பழுத்தால் கறுத்துவிடும், உள்ளே பெரும்பாலும் ஒரே விதைதான் இருக்கும். கலங்கிய நீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறத்தில் தேய்ப்பது அந்த விதையைத்தான். எட்டியின் பழமோ கெட்டியான தோலும் வெளிறிய கூழும் கொண்டது. உள்ளே சட்டைப் பொத்தானைப் போன்ற தட்டையான, பட்டுமயிர் போர்த்த விதைகள் பல இருக்கும். அவ்விதைகளில் உள்ள ஸ்டிரிக்னைன் என்னும் நஞ்சு கடும் வலிப்பை உண்டாக்கி உயிரைப் பறிக்கக்கூடியது. யாரேனும் கடித்து விழுங்கியிருந்தால் கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மரத்தை வெட்டத்தான் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பழுக்கும் பருவத்தில் அடியைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தால் போதும்.

சீமைக் கருவேலத்தை அகற்ற அடுத்த வாரம் பொக்லைன் வரவிருக்கிறது. நடுவில் நிற்கும் ஒரு பழைய மரத்தை மட்டும் 'வன்னி, தொடாதே' என்கிறார் தாத்தா. எப்படி உறுதிசெய்வது?

தாத்தா சொல்வதைக் கேளுங்கள். ஆனால் முள்ளையும் பாருங்கள். சீமைக் கருவேலத்தில் முட்கள் பெரும்பாலும் கணுவுக்கு இரண்டாக, இலை தோன்றும் இடத்திலேயே இருக்கும். வன்னியில் அடிபருத்த சிறுமுட்கள் கணுக்களுக்கு இடையில், ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். சீமைக் கருவேலத்தின் நெற்று தடித்து மஞ்சளாக இருக்க, வன்னியின் நெற்று மெலிந்து நீண்டு தொங்கும். வன்னிப் பூங்கொத்துகள் பூச்சியின் தாக்குதலால் முண்டுமுண்டாகத் திரண்டு நிற்பதையும் அடிக்கடி காணலாம். அதைக் காயென்று எண்ணிவிடாதீர்கள். விருத்தாசலம் கோயிலின் தலமரமும் வன்னிதான். பக்கத்தில் இருப்பவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவந்தால் பிறகு கண் தானே பழகிவிடும். வண்டி வருவதற்கு முன்பே மரத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்து, ஓட்டுநரிடம் நேரிலும் காட்டிவிடுங்கள்.

மலைவேம்பு என்று வாங்கி நட்ட கன்றுகள் உண்மையில் மலைவேம்புதானா?

இலை எங்கே தொடங்குகிறது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காம்பின் கக்கத்தில், அதாவது காம்பு கிளையோடு சேரும் இடுக்கில், மொட்டு இருந்தால் அங்கே தொடங்குவதுதான் இலை. மொட்டில்லாதவை அதன் சிற்றிலைகள். அப்படிப் பார்த்தால் சாதாரண வேம்பின் நடுக்காம்பு கிளைக்காது. சிற்றிலைகள் நேரே அதன் இருபுறமும் அமைந்திருக்கும். மலைவேம்பில் நடுக்காம்பு கிளைத்து, அக்கிளைகளில் சிற்றிலைகள் அமையும். சில சமயம் மீண்டும் ஒருமுறை கிளைப்பதும் உண்டு. உங்கள் படத்தில் நடுக்காம்பு கிளைக்கவில்லை. சிற்றிலைகள் பெரியவை, ஓரம் முரட்டுப் பற்களாக வெட்டுண்டிருக்கிறது, தண்டில் உதிர்ந்த இலைகளின் அகன்ற வடுக்கள் தெரிகின்றன. இது தீக்குச்சிக்குப் போகும் பெருமரம். விற்பனைக்குரிய மரம்தான் என்றாலும், மலைவேம்பை வாங்கும் ஒட்டுப்பலகை ஆலையை நம்பி நட்டவருக்கு இது ஏமாற்றமே.

மாசியில் இலையெல்லாம் கொட்டி மரம் செத்தது போல நிற்கிறது. வெட்டிவிடலாமா?

நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிரோடு இருக்கிறது. வேலிக்கு நட்ட கம்பே வேர்பிடித்து வளர்ந்ததாக எழுதியிருப்பதால், அது பெரும்பாலும் ஒதியமாக இருக்கலாம். வெறுங்கிளையில் பூத்து, பிறகுதான் தளிர்க்கும். 'ஒதி பெருத்தால் உத்திரமாகுமா' என்பார்கள், வெட்டினாலும் உங்களுக்கு ஆதாயமில்லை.

வரப்பில் தானாக முளைத்த மரத்தைச் சந்தனம் என்கிறார்கள். இலையைக் கசக்கினால் மணமே இல்லையே?

இலையிலும் பூவிலும் அந்த மணத்தைத் தேடாதீர்கள். முதிர்ந்த மரத்தின் வைரத்தில், அதாவது உள்ளிருக்கும் கெட்டியான நடுக்கட்டையில்தான் அது உண்டு. எதிரெதிர் இலைகள், வெளிறித் தொடங்கிச் செங்கருமையாக மாறும் சிறுபூக்கள், உச்சியில் வளையத் தழும்புள்ள கருநீலப் பழம் ஆகியவற்றைப் பார்த்தால் போதும். சந்தனத்தின் வேர் அண்டைச் செடிகளின் வேரைப் பற்றி உணவெடுக்கும் என்பதால், சுற்றியுள்ள புதர்களை முற்றாகக் களையாதீர்கள். மணம் பார்க்க அடிமரத்தைக் கொத்தவும் வேண்டாம். பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறையின் அனுமதியின்றிச் சந்தனத்தை வெட்ட இயலாது என்பதை நினைவில் வையுங்கள்.