ருமேனியக் கால்பந்து வீரர் அட்ரியன் முட்டு இன்னும் பெரிய வீரராக வந்திருக்க வேண்டியவரா?

ஆம் என்றே நினைக்கிறேன். ருமேனியாவுக்காக 77 ஆட்டங்களில் 35 கோல்கள். ருமேனிய ஜாம்பவான் ஹாஜியின் கோல் சாதனைக்குச் சமம், அதுவும் அவரைவிட மிகக் குறைந்த ஆட்டங்களில். சறுக்கல் இங்கிலாந்து கிளப்பான செல்சியில் தொடங்கியது. இத்தாலியின் பார்மா கிளப்பிலிருந்து 2003இல் அங்கே போனார். அடுத்த ஆண்டே கொக்கைன் பரிசோதனையில் சிக்க, கிளப் ஒப்பந்தத்தை முறித்தது. ஏழு மாதத் தடை வேறு. விளையாட்டு நடுவர் மன்றம் 2009இல் செல்சிக்கு 1.7 கோடி யூரோவுக்கு மேல் இழப்பீடு கட்டச் சொன்னதை உறுதிசெய்தது. ஒரு ஆட்டக்காரர் மீது இவ்வளவு பெரிய சுமையா என்று எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

பிறகு இத்தாலியக் கிளப்புகள்: யுவென்டஸ், அங்கிருந்து ஃபியோரென்டினா. அவரது நல்ல ஆட்டத்தைப் பார்க்க ஃபியோரென்டினா காலத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ரசிகர்களுக்கு மறக்காதது 2008 யூரோ கோப்பை, சூரிக்கில் இத்தாலியுடனான ஆட்டம். இத்தாலியின் சாம்ப்ரோட்டா தன் கோல்காப்பாளர் புஃபோனுக்குத் தலையால் பின்னுக்குத் தட்டிய பந்து வலுவில்லாமல் போக, முட்டு பாய்ந்து கோலாக்கினார். மறுநிமிடமே இத்தாலியின் பனுச்சி சமன் செய்தார். கடைசிப் பத்து நிமிடத்தில் ருமேனியாவுக்குப் பெனால்டி. முட்டு உதைத்ததைப் புஃபோன் தடுத்துவிட்டார். 1-1. குழுச் சுற்றின் முடிவில் இத்தாலி காலிறுதிக்குப் போனது. ருமேனியா ஊர் திரும்பியது.