லெனனுக்கு வாத்தியாரா?

கேள்வி: பீட்டில்ஸ் ஜான் லெனனுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த ஏட்ரியன் ஹென்றி கவிதையும் எழுதினாராமே? கல்லூரி வேலை, ஓவியம், பாட்டுக் குழு என்று எல்லாவற்றிலும் கைவைத்த ஒருவரைக் கவிஞர் என்று எப்படி ஒப்புக்கொள்வது?

பதில்: முதலில் லெனன் கதையை முடித்துவிடுவோம். லெனன் லிவர்பூல் கலைக் கல்லூரியை விட்டுப் போனது 1960இல். ஹென்றி அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தது 1964இல், அதுவரை மான்செஸ்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1964இல் பீட்டில்ஸ் அமெரிக்காவையே கலக்கிக்கொண்டிருக்கிறார்கள், லெனன் எந்த வகுப்பில் உட்கார்ந்து பென்சில் சீவியிருப்பார்? லிவர்பூல்காரர் என்றாலே பீட்டில்ஸோடு முடிச்சுப் போட்டால்தான் நமக்கெல்லாம் திருப்தி.

சரி, அடுத்த விஷயம். எல்லாவற்றிலும் கைவைத்தார் என்பதைக் குற்றச்சாட்டாக வைக்கிறீர்கள். என்னைக் கேட்டால், அந்த ஆள் ஓவியராக இல்லாவிட்டால் அந்தக் கவிதைகளே வந்திருக்காது. 1932இல் பிர்கன்ஹெட்டில் பிறந்து, வேல்ஸ் கடற்கரையிலுள்ள ரில் ஊரில் வளர்ந்து, நியூகாசிலில் ஓவியம் படித்தவர். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஹாமில்டன், விளம்பரத்தையும் பத்திரிகைப் படத்தையும் வெட்டி ஒட்டி ஓவியமாக்கியவர். ஹென்றி அதே வேலையைச் சொற்களை வைத்துச் செய்தார், அவ்வளவுதான். 'டுநைட் அட் நூன்' கவிதையில் ('இன்றிரவு நண்பகலில்' என்று பொருள், தலைப்பு ஜாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸிடம் வாங்கியது) உலகமே தலைகீழாக நிற்கிறது: சூப்பர்மார்க்கெட்காரர்கள் ஒவ்வொரு சாமானுக்கும் விலை மூன்று பென்னி அதிகம் என்று பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள், யானைகள் ஒன்றுக்கொன்று மனிதர்களைப் பற்றி ஜோக் சொல்லிக்கொள்கின்றன. இப்படிச் சிரிக்க வைத்துக்கொண்டே போய்க் கடைசியில், அன்றைக்குத்தான் நீயும் என்னைக் காதலிப்பதாகச் சொல்வாய் என்று ஒரு போடு போடுகிறார். அதுவரை சிரித்ததெல்லாம் அப்போதுதான் உறைக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். பெல்ஜிய ஓவியர் என்சோர் கிறிஸ்துவை பிரஸ்ஸல்ஸ் ஊர்வலத்துக்குள் கொண்டுவந்தார் அல்லவா, அதே மாதிரி ஹென்றி 1962-64இல் கிறிஸ்துவை லிவர்பூல் கூட்டத்துக்கு நடுவே வரைந்தார். அதே தலைப்பில் கவிதையும் எழுதினார். கான்வாஸில் ஒரு தடவை, காகிதத்தில் ஒரு தடவை. இதில் எது 'உண்மையான' தொழில், எது பொழுதுபோக்கு என்று பிரிக்க நீங்களே முயன்று பாருங்கள்.

1967இல் லிவர்பூல் கவிஞர்கள் ரோஜர் மெகாஃப், பிரயன் பேட்டன் இருவரோடு சேர்ந்து எழுதி, பெங்குவின் வெளியிட்ட 'தி மெர்சி சவுண்ட்' ஐந்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. கவிதைப் புத்தகம், ஐயா! பாப் பாட்டு ரகம் என்று விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அவர்கள் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு, மேடையில் வாசிக்கவே எழுதியதால் சில கவிதைகள் தாளில் வெளிறித்தான் கிடக்கின்றன. அப்புறம் கல்லூரிச் சம்பளத்தை விட்டுவிட்டு 'லிவர்பூல் சீன்' குழுவோடு கிளம்பி, 1969இல் ஐல் ஆஃப் வைட் இசை விழா வரை போய்க் கவிதை சொன்னார். அதற்காக வரைவதை நிறுத்தவும் இல்லை, 1972இல் ஜான் மூர்ஸ் ஓவியக் கண்காட்சியில் பரிசு வாங்கினார்.

2000 டிசம்பரில் லிவர்பூல் நகரம் தன் உயரிய கௌரவத்தை அவருக்குக் கொடுத்தது. பக்கவாதத்தால் முடங்கியிருந்தவர் மறுநாளே இறந்துபோனார். அந்த ஊர்க்காரர்கள் அவரை ஓவியர் என்றா கவிஞர் என்றா என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நீங்கள் முதலில் 'டுநைட் அட் நூன்' கவிதையைத் தேடிப் பிடித்து, வாய்விட்டுப் படித்துவிட்டு வாருங்கள், மிச்சச் சண்டையை அடுத்த இதழில் வைத்துக்கொள்வோம்.