அடிப் ஜட்டேனே: அறுவை அரங்கிலிருந்து அமைச்சர் நாற்காலிக்கு – கேள்வி பதில்

பிரேசிலில் இரண்டு முறை சுகாதார அமைச்சராக இருந்த இதய அறுவை மருத்துவர் அடிப் ஜட்டேனேயைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, மீதிக்குப் பதில் எழுதுகிறேன். சமூக மருத்துவம் சொல்லிக்கொடுத்த பழக்கத்தில் நடுவே பாடம் எடுக்க ஆரம்பித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அக்கா குழந்தைக்குப் பிறந்த சில நாட்களிலேயே சென்னையில் இதய ஆபரேஷன் நடந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஜட்டேனே’ என்று ஒரு பெயர் இருந்தது. இவர்தானா அவர்? (விழுப்புரம்)

அவரேதான். சில குழந்தைகளுக்கு இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்களும் இடம் மாறிப் பிறவியிலேயே அமைந்துவிடும். உடம்புக்குப் போக வேண்டிய மகாதமனி வலது அறையிலிருந்தும், நுரையீரலுக்குப் போக வேண்டிய தமனி இடது அறையிலிருந்தும் புறப்படும். அசுத்த ரத்தம் உடம்பையே சுற்றிக்கொண்டிருக்கும், சுத்த ரத்தம் நுரையீரலுக்கே திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். குழந்தை நீலம் பாரித்துவிடும்.

ஜட்டேனேக்கு முன்பும் இந்தக் குறைக்கு ஆபரேஷன்கள் இருந்தன. குழாய்களைத் தொடாமல், மேலறைகளுக்குள் ரத்தத்தின் பாதையைத் திருப்பிவிடுவார்கள். குழந்தை பிழைக்கும், ஆனால் உடம்பு முழுவதுக்கும் ரத்தம் தள்ளும் வேலை வலது அறையின் தலையில் விழும். அதற்கென்று படைக்கப்படாத அறை அது, வருடங்கள் போகப்போகத் தளர்ந்துவிடும். 1975-ல் சாவோ பாலோவில் ஜட்டேனே குழாய்களையே வெட்டி இடம் மாற்றித் தைத்தார். இதில் உயிர்நாடியான வேலை வேறு: இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் மெல்லிய கரோனரி தமனிகளையும், சுற்றியுள்ள மகாதமனிச் சுவரின் சிறு வட்டத்தோடு பெயர்த்துப் புது இடத்தில் பொருத்த வேண்டும். ஒன்று லேசாக முறுக்கிக்கொண்டாலும் குழந்தை மேசையிலேயே போய்விடும். ஆரம்பத்தில் இறப்புகள் அதிகம்தான். இன்று உலகம் முழுக்க இந்தக் குறைக்கு முதலில் நினைக்கும் சிகிச்சை இதுவே.

கேள்வி: பெரிய இடத்துப் பிள்ளையா? (காரைக்குடி)

இல்லை. 1929-ல், அமேசான் காட்டோரத்து ஆக்ரே பகுதியில் ஷாபுரி என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் லெபனானிலிருந்து வந்து குடியேறியவர்கள். அப்பா ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளிகளுக்குச் சாமான் விற்றவர். மஞ்சள் காய்ச்சலில் அவர் இறந்தபோது பையனுக்கு இரண்டு வயது. அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மினாஸ் ஜெராய்ஸில் உள்ள உபெர்லாண்டியாவுக்குப் போனார். (ரப்பர் தொழிலாளர் தலைவர் சிகோ மெண்டெஸும் இதே ஷாபுரிக்காரர்தான்.)

சாவோ பாலோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, ஜெர்பினியிடம் அறுவை கற்றார். 1968-ல் பிரேசிலின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தவர் அந்த ஜெர்பினி. ஜட்டேனேக்கு இயந்திரங்களிலும் கை ஓடும். இறக்குமதி செய்யக் காசில்லாத காலத்தில் இதய-நுரையீரல் இயந்திரத்தை உள்நாட்டிலேயே பட்டறை வைத்துச் செய்தார்.

கேள்வி: ராணுவ ஆட்சிக் காலத்து கவர்னரிடமும் வேலை பார்த்தார், ஊழலில் பதவி இழந்த ஜனாதிபதியிடமும் அமைச்சராக இருந்தார். இவரைக் கொண்டாடுவது நியாயமா? (கொழும்பு)

கேட்க வேண்டிய கேள்விதான். 1979 முதல் 1982 வரை பவுலோ மலூஃப் கவர்னராக இருந்தபோது சாவோ பாலோ மாநிலச் சுகாதாரச் செயலர். அங்கே அது அமைச்சருக்குச் சமமான பதவி. மலூஃப் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த கவர்னர் அல்ல. பிறகு 1992 தொடக்கத்தில் ஜனாதிபதி கொல்லோர் அழைத்தார். முந்தைய சுகாதார அமைச்சர் அல்செனி கெர்ரா, அவரும் டாக்டர்தான், சுகாதாரப் பணியாளர்களுக்கு சைக்கிள் வாங்கியதில் முறைகேடு என்ற புகாரில் விலகியிருந்தார். (பின்னாளில் குற்றமற்றவர் என்று விடுபட்டார். அதை எத்தனை பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டதோ!) கொல்லோர் பேரில் ஊழல் புகார்கள் குவிந்து நாடாளுமன்றம் அவரைப் பதவியிலிருந்து இறக்கும் வரை, அதாவது 1992 அக்டோபர் வரை, ஜட்டேனே அமைச்சரவையில் இருந்தார்.

என் கருத்தைக் கேட்டால், யார் கூப்பிட்டாலும் சுகாதாரத் துறை என்றால் போய்விடும் ஆள் அவர். பதவியில் இருந்த காலத்தில் அவர் பேரில் கைச்சுத்தம் பற்றிக் கேள்வி எழவில்லை. ஆனால் அவருடைய நல்ல பெயர், அழைத்தவர்களுக்கும் ஒரு திரையாகப் பயன்பட்டது. அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

கேள்வி: பிரேசிலில் எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்கிறார்களே, அது இவர் கொண்டுவந்ததா? (திருநெல்வேலி)

இல்லை, அந்தப் புகழ் வேறு பலருக்குப் போக வேண்டும். அதற்கு முன்பு நிரந்தர வேலையில் இருந்து சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்டியவருக்குத்தான் அரசு வைத்தியம். கூலிக்காரர், விவசாயி எல்லாம் தர்ம ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டியதுதான். ராணுவ ஆட்சிக் காலத்திலேயே இதை எதிர்த்து டாக்டர்களும் தொழிற்சங்கங்களும் குடியிருப்பு இயக்கங்களும் சேர்ந்து ஒரு போராட்டம் வளர்த்தார்கள். அதன் முன்வரிசையில் செர்ஜியோ அரௌகா என்ற டாக்டர் இருந்தார். 1986-ல் தலைநகர் பிரேசிலியாவில் நடந்த எட்டாவது தேசிய சுகாதார மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவர். பல ஆயிரம் பேர் கூடிய அந்த மாநாட்டின் கோரிக்கைதான் 1988 அரசியல் சட்டத்தில் 196-ஆவது பிரிவாகப் போய் உட்கார்ந்தது: உடல்நலம் எல்லோருடைய உரிமை, அரசின் கடமை. அதன்படி உருவான அமைப்பைச் சுருக்கமாக ‘சுஸ்’ என்பார்கள். அரௌகா கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், 1989-ல் துணை ஜனாதிபதி தேர்தலிலும் நின்றார். ஜட்டேனே அந்த இயக்கத்தின் ஆள் அல்ல. சட்டம் எழுதியாகிவிட்டது, பணம் எங்கே என்ற கட்டத்தில்தான் இவர் வருகிறார்.

கேள்வி: பேங்கில் பணம் எடுத்தால் வரி என்று ஒன்று போட்டாராமே? அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். (ஈரோடு, கணக்காளர்)

இதற்காகத்தான் இந்தக் கேள்வி பதிலையே ஆரம்பித்தேன்.

1993 வரை, சம்பளத்திலிருந்து பிடிக்கும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவில் ஒரு பகுதி சுகாதார அமைச்சகத்துக்கு வந்துகொண்டிருந்தது. அந்த வருடம் ஓய்வூதியத்துக்கே போதவில்லை என்று சமூகப் பாதுகாப்பு அமைச்சகம் அதை நிறுத்திவிட்டது. நாட்டில் எல்லோருக்கும் வைத்தியம் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. 1995-ல் கார்டோசோ ஜனாதிபதியானதும் ஜட்டேனேயை மறுபடி அமைச்சராக்கினார்.

ஜட்டேனே கேட்டது: வங்கிக் கணக்கிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு தொகையிலும் 0.20 சதவீதம், சுகாதாரத்துக்கு மட்டும். ஆயிரம் ரியாலுக்கு (பிரேசில் நாணயம்) இரண்டு ரியால். சிபிஎம்எஃப் என்று அதற்குப் பெயர். நிதியமைச்சகத்துக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. தொழிலதிபர்களுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஏன் என்று கணக்காளரான உங்களுக்குத் தெரிந்திருக்கும்: வருமானத்தை மறைக்கலாம், விற்பனையை மறைக்கலாம், வங்கி வழியாகப் போகும் பணத்தை மறைக்க முடியாது. வருமான வரித் துறை மற்ற கணக்குகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் அது பின்னாளில் உதவியது. குறையும் இருந்தது. ஒரு பொருள் கடைக்கு வருவதற்குள் பணம் எத்தனை கை மாறுகிறதோ அத்தனை முறையும் வரி, கடைசியில் அது விலையில் ஏறி ஏழையின் தலையிலும் விழும். பொருளாதார நிபுணர்களின் இந்த எதிர்ப்பு வெறும் சாக்கு இல்லை.

அவருக்குப் பின்னால் கட்சியும் கிடையாது, ஓட்டு வங்கியும் கிடையாது. எம்பிக்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துப் பேசித்தான் ஆதரவு சேர்த்தார். 1996 ஆகஸ்டில் அரசியல் சட்டத் திருத்தமே நிறைவேறிவிட்டது.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். புது வரி வருவதால் பழைய நிதியைக் குறைக்கக் கூடாது என்று ஜனாதிபதியிடம் வாக்கு வாங்கியிருந்தார். நிதித் தரப்போ, இந்தப் பக்கம் வருகிறதே என்று அந்தப் பக்கம் கை வைத்தது. 1996 நவம்பரில் ஜட்டேனே ராஜினாமா செய்தார். வரி வசூல் தொடங்கியது 1997 ஜனவரியில். அலைந்து திரிந்து அவர் கொண்டுவந்த வரியின் முதல் காசு வரும்போது அவர் நாற்காலியில் இல்லை.

கேள்வி: அப்படியானால் தோற்றுப்போனார் என்றுதானே சொல்ல வேண்டும்? (முந்தைய பதிலைப் படித்துவிட்டு, ஈரோட்டுக்காரரே)

வரியைப் பொறுத்தவரை, ஆமாம். பின்னால் அதை 0.38 சதவீதம் வரை ஏற்றினார்கள். ஆனால் சுகாதாரத்துக்கு ஒதுக்கியது அதே 0.20 தான், மீதி ஓய்வூதியத்துக்கும் வறுமை ஒழிப்பு நிதிக்கும் போனது. 2007 டிசம்பரில் அதை நீட்டிக்க அப்போதைய ஜனாதிபதி லூலாவின் அரசு செனட்டில் கேட்டது. 49 வாக்கு தேவை, கிடைத்தது 45. வரியைக் கொண்டுவந்த கார்டோசோவின் கட்சியே எதிர்த்து வாக்களித்தது! அந்தச் சமயத்தில் ஜட்டேனே ஒரு விருந்தில் சாவோ பாலோ தொழிலதிபர் சங்கத் தலைவரிடம், ஏய்க்க முடியாத வரி என்பதால்தான் உங்களுக்குக் கசக்கிறது என்ற பொருளில் நேருக்கு நேர் பேசியதாகப் பத்திரிகைகளில் வந்தது.

மற்றபடி, 1994-ல் ஆரம்பித்த குடும்ப சுகாதாரத் திட்டம் இவர் காலத்தில் வேகம் எடுத்தது. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், சில சுகாதாரப் பணியாளர்கள் கொண்ட குழுவுக்கு ஒரு பகுதியின் குடும்பங்கள் பொறுப்பு. அந்தப் பணியாளர் அதே தெருக்களில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்பது விதி. எந்த வீட்டில் கர்ப்பிணி, எங்கே குழந்தைக்கு ஊசி பாக்கி என்று கேட்டால் நோட்டைப் பார்க்காமலே சொல்வார். உலகத்திலேயே நுணுக்கமான இதய அறுவை ஒன்றைக் கண்டுபிடித்தவர் சைக்கிளில் போகும் பணியாளருக்காக வாதாடினார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

கேள்வி: ஏழைகளுக்காகப் பேசியவர் பணக்கார ஆஸ்பத்திரியில் டைரக்டராக இருந்தது முரண்பாடு இல்லையா? (சேலம்)

முரண்பாடுதான். சாவோ பாலோவின் எச்கோர் மருத்துவமனை தனியார் காப்பீட்டுக்காரர்கள் அதிகம் வரும் இடம். சிரியா-லெபனான் வழி வந்த சமூகத்துப் பெண்கள் தொடங்கிய சங்கம் அதை நடத்துகிறது. 2014 நவம்பரில் மாரடைப்பில் அவர் இறந்ததும் அங்கேதான். பிரேசிலில் சுமார் கால்வாசிப் பேருக்குத் தனியார் காப்பீடு உண்டு, முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கால்வாசிக்குள் இருப்பவர்கள். ஏழையின் பெரிய கஷ்டம் அவன் நண்பனும் ஏழையாகவே இருப்பது, மேலிடத்தில் அவனுக்காகப் பேச ஆள் இல்லை என்று ஜட்டேனே அடிக்கடி சொல்வார். அவர் அந்த மேலிடத்து நண்பராக இருக்கப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

கேள்வி: எய்ட்ஸ் மருந்தை இலவசமாக்கியது இவரா? (புதுச்சேரி)

இல்லை. மருந்தை இலவசமாக்கிய சட்டம் 1996 நவம்பர் 13-ல் வந்தது, இவர் விலகிய அதே மாதம். முன்மொழிந்தவர் செனட்டர் சார்னே. 2007-ல் எஃபாவிரென்ஸ் என்ற எய்ட்ஸ் மாத்திரைக்கு, காப்புரிமை வைத்திருந்த கம்பெனியின் சம்மதம் இல்லாமலே ஜெனரிக் வாங்க வழிவிடும் ‘கட்டாய உரிமம்’ கொடுத்த அமைச்சர் டெம்போராவோ. அவரும் டாக்டர். அப்போது பிரேசில் முதலில் வாங்கியது இந்திய ஜெனரிக் மாத்திரைகளை.

கேள்வி: அந்த ஊர் அரசியலில் இத்தனை டாக்டர்களா? (தஞ்சாவூர்)

பட்டியல் நீளம். பிரேசிலியா நகரைக் கட்டிய ஜனாதிபதி குபிச்செக் சிறுநீரகத் துறை டாக்டர். 2023-ல் துணை ஜனாதிபதியான அல்க்மின் மயக்க மருந்து நிபுணர். பெருந்தொற்றின்போது ஜனாதிபதி போல்சொனாரோவோடு மோதி 2020 ஏப்ரலில் நீக்கப்பட்ட அமைச்சர் மண்டெட்டா எலும்பு மருத்துவர். அடுத்து வந்த புற்றுநோய் மருத்துவர் டைச் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒரு ராணுவ ஜெனரல்.