படகும் எஞ்சினும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: குடும்பத்தோடு வாவியில் உலாவ 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எஞ்சினோடு ஒரு பைபர் படகு வைத்திருக்கிறோம். எஞ்சினின் பக்கத் துளையால் பீறிட்டு வரவேண்டிய தண்ணீர் இப்போது நூல் போல வருகிறது. அரை மணித்தியாலம் ஓடினால் எஞ்சின் சுட்டு, வேகம் குறைகிறது. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?
– வாசகர், கல்லடி

பதில்: முதலில் அந்தத் துளையையே பாருங்கள். உப்போ சேறோ அடைத்திருந்தால் தடித்த தங்கூசி ஒன்றை உள்ளே விட்டுக் குத்தினாலே போதும். அப்படியும் தண்ணீர் பெலக்காவிட்டால் இம்பெல்லரைச் சந்தேகியுங்கள். புரொப்பெலருக்கு மேலே, தண்ணீர்ப் பம்புக்குள் சுழலும் றப்பர்ச் சக்கரம் அது. வாவியில் தண்ணீர் வற்றும் காலத்தில் எஞ்சின் அடிச்சேற்றைக் கிளறி மணலோடு உறிஞ்சும். அந்த மணல் றப்பரையும், அது சுழலும் கிண்ணத்தையும், அடித்தகட்டையும் அராவிவிடும்.

கியர்ப் பெட்டியுள்ள கீழ்ப்பகுதியைக் கழற்றுமுன் கியர்த் தண்டின் இணைப்பை விடுவிக்க மறக்கவேண்டாம். அதை விடுவிக்காமல் இழுத்துத்தான் பலர் தண்டை வளைத்துவிடுகிறார்கள். இம்பெல்லரின் இதழ்கள் ஒரு பக்கமாக வளைந்தபடியே இறுகி நின்றால் அது முடிந்துவிட்டது. இதழ் ஏதும் உடைந்திருந்தால் உடைந்த துண்டைக் கட்டாயம் தேடி எடுங்கள். அது மேலே போய்த் தண்ணீர்ப் பாதையில் சிக்கினால், புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையாது. கிண்ணத்திலோ தகட்டிலோ நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் அவற்றையும் மாற்றவேண்டும்.

புதியதைப் பொருத்தும்போது சவர்க்கார நீர் பூசி, எஞ்சின் சுழலும் திசையிலேயே தண்டைத் திருப்பியபடி இறக்குங்கள். இம்பெல்லரைத் தண்டோடு பூட்டும் சிறிய சாவித்துண்டு தன் குழியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செலுத்து தண்டின் பல்லுகளுக்குத் தண்ணீரில் கரையாத கிறீஸ் பூசலாம். தண்டின் நுனியில் மட்டும் பூசவேண்டாம். அங்கே கிறீஸ் சிக்கினால் தண்டு முழுதாக உள்ளே இறங்காது.

பம்ப் சரியாக இருந்தும் சூடு தொடர்ந்தால், சூட்டுக்கேற்பத் திறந்து தண்ணீரை விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றுங்கள். அதில் குறித்துள்ள வெப்பநிலைக்குச் சுடுநீரில் வைத்தால் திறக்கத் தொடங்கவேண்டும். திறக்காததை வீசிவிட்டுப் புதியது போடுங்கள். தெர்மோஸ்டாட்டே இல்லாமல் ஓட்டுவது தீர்வல்ல.

இனிமேல் ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் எஞ்சினை நியூட்ரலில் ஓடவிடுங்கள். பெரிய பீப்பா ஒன்று போதும். புரொப்பெலருக்கு மேலுள்ள தட்டையான தகடு மூழ்கத் தண்ணீர் இருக்கவேண்டும். வாவித் தண்ணீரில் கடலளவு உப்பில்லை என்று இதைத் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. உவர் நீர் சூட்டில் காய்ந்தாலும் உப்பு உப்புத்தான். இம்பெல்லரை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தண்ணீரில்லாமல் எஞ்சினைச் சில விநாடிகள்கூட முடுக்கிப் பார்க்கவேண்டாம், றப்பர் கருகிவிடும்.

கேள்வி: மட்டக்களப்பு வாவியில் ஓடிய படகொன்றை வாங்கி, சேனநாயக்க சமுத்திரத்தில் ஓட்டுகிறோம். எஞ்சினில் உள்ள அனோட் கட்டையை மாற்றவேண்டுமா?
– வாசகர், அம்பாறை

பதில்: மாற்றவேண்டும். எஞ்சினின் அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதே அந்தக் கட்டையின் வேலை. கடலுக்குத் துத்தநாகமோ அலுமினியமோ, வாவிபோன்ற உவர் நீருக்கு அலுமினியம், குளத்து நன்னீருக்கு மக்னீசியம். துத்தநாகம் நன்னீரில் வெண்பொருக்குப் பிடித்துச் செயலிழந்துவிடும். பார்வைக்குக் கரையாமல் முழுதாக இருக்கும், ஆனால் காப்பு இராது. மறுபடி வாவிக்குக் கொண்டுவருவதானால் மக்னீசியத்தைக் கழற்றிவிடுங்கள், உப்புநீரில் வெகு விரைவில் கரைந்துவிடும். எந்தக் கட்டைக்கும் பெயின்ற் அடிக்கக்கூடாது. பாதி கரைந்ததும் மாற்றுங்கள்.

கேள்வி: படகின் பின்பலகை, எஞ்சினை உயர்த்தும்போது அசைகிறது. எப்படியும் வேலை செய்யத்தான் வேண்டும், அதோடு 25 குதிரைவலுவை மாற்றி 40 போடலாமா?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: பலகையின் நிலை தெரியாமல் 40ஐப் பற்றிப் பேசக்கூடாது. சிறு சுத்தியலால் பின்பலகை முழுவதும் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் ‘டங்’ என்று கேட்கும், உக்கியது ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்கும். சந்தேகமான இடத்தில் உட்புறமிருந்து 5 மில்லிமீற்றர் துளை போட்டு, வரும் தூளைப் பாருங்கள். வெளிறிய உலர்ந்த தூள் என்றால் நல்லது. கறுத்து ஈரமாக வந்தால் உள்ளேயிருக்கும் பிளைவுட் போய்விட்டது. அதற்குக் காரணம் அநேகமாக எஞ்சின் போல்ட் துளைகள்தான். சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) இல்லாமல் இறுக்கிய போல்ட்டின் ஓரத்தால் தண்ணீர் வருடக்கணக்கில் ஊறியிருக்கும். வெளியே மேலும் இரண்டு அடுக்கு பைபர் போட்டு மூடுவது, உக்கலை உள்ளே பூட்டிவைப்பதாகத்தான் முடியும்.

எஞ்சினைக் கழற்றுமுன் போல்ட் துளைகளின் இடத்தைக் கடதாசி மட்டையில் அச்செடுங்கள். பழைய பலகையின் மொத்தத் தடிப்பையும் அளந்து வையுங்கள். உட்புறப் பைபர்த் தோலை ஓரங்களில் 5 முதல் 7 சென்ரிமீற்றர் விட்டு வெட்டி, உக்கிய மரம் முழுவதையும் சுரண்டி எடுங்கள். பிறகு காயவிடுங்கள். இந்த வேலையில் அவசரப்பட்டுக் கெடுக்கும் இடம் இதுதான். பொலித்தீன் துண்டொன்றை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் வைத்துப் பாருங்கள். உள்ளே வியர்த்தால் இன்னும் காயவில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்கள் இதற்கு ஏற்றவை, மாரிக்குள் தொடங்கவேண்டாம்.

பொதுவாக 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட் இரண்டை ஒட்டிப் பழைய தடிப்புக்குக் கொண்டுவரலாம். ஓரங்களுக்கு முதலில் ரெசின் பூசி ஊறவிட்டு, ரெசின் நனைத்த மேட் (பைபர் இழை விரிப்பு) மேல் பலகையைப் பதித்துக் கிளாம்ப் போடுங்கள். பிறகு உட்புறத்தை 40 அல்லது 60 இலக்க அரத்தாளால் உரசி, அசிட்டோனால் துடைத்து, 450 கிராம் மேட் மூன்று அல்லது நான்கு அடுக்கு போடுங்கள். மூலைகளைச் சதுரமாக விடாமல் ரெசின் பசையால் உருட்டி, மேட் படகின் பக்கங்களுக்கு 10 முதல் 15 சென்ரிமீற்றர் ஏறவேண்டும். ஒரு சதுர மீற்றர் மேட் ஒரு அடுக்குக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ரெசின் குடிக்கும்.

ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னர் ஒரு கிலோ ரெசினுக்கு 10 மில்லிலீற்றர், எங்கள் மத்தியான வெக்கைக்கு அது போதும். கூட்டினால் வாளிக்குள்ளேயே புகைந்து இறுகும், குறைத்தால் பிசுபிசுத்தே கிடக்கும். எல்லா அடுக்கையும் ஒரேயடியாகப் போட்டாலும் சூடேறிச் சுருங்கி வெடிப்பு விழும். இரண்டிரண்டாகப் போடுங்கள். இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் அக்சலரேட்டரைத் தனியாக வாங்கியிருந்தால் அதை ஹார்ட்னரோடு நேராகக் கலக்கவே கூடாது, வெடித்துவிடும். முதலில் கோபால்ட்டை ரெசினில் கலக்கி, பிறகே ஹார்ட்னரை ஊற்றவேண்டும். கண்ணாடி அணியாமல் ஹார்ட்னர்ப் போத்தலைத் திறக்கவேண்டாம், ஒரு சொட்டுக் கண்ணில் பட்டாலும் பார்வைக்கே ஆபத்து.

போல்ட் துளைகளைத் தேவையிலும் பெரிதாகத் துளைத்து, தடிப்பான எப்பொக்சியால் நிரப்பி, காய்ந்தபின் அதன் நடுவே சரியான அளவில் திரும்பத் துளையுங்கள். இனி சீலன்ட் பழுதானாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. போல்ட் 316 துருப்பிடியா உருக்கு, அகலமான வொஷர், பொலியூரித்தேன் சீலன்ட்.

இனி 40. படகு கட்டியவர் குறித்த உச்ச வலு 40 என்றால் போடலாம், இல்லையென்றால் கூடாது. 40 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எழுபது கிலோவுக்கு மேல், ஃபோர் ஸ்ட்ரோக் அதிலும் கூட. அந்தப் பாரத்தில் பின்பக்கம் தாழும். வேகத்தைச் சட்டென்று விட்டால் பின்னால் துரத்திவரும் அலை பலகைக்கு மேலால் உள்ளே ஏறும். ஆட்களை ஏற்றும் படகில் இது விளையாட்டல்ல. பலகையின் உயரத்தையும் அளவுங்கள்: 15 அங்குலத்துக்குக் குட்டைத் தண்டு, 20க்கு நீளத் தண்டு.

கேள்வி: கண்ணாடி அடிப் படகின் அக்ரிலிக் தகடு மங்கி, ஓரத்தால் தண்ணீரும் கசிகிறது.
– வாசகர், பாசிக்குடா

பதில்: மங்கலுக்குக் காரணம் துடைக்கும் முறையாக இருக்கலாம். அசிட்டோன், தின்னர், பெற்றோல், அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் எல்லாம் அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். மணல் ஒட்டியிருக்கத் துணியால் தேய்ப்பதும் கீறும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி மணலைக் கழுவி, பிறகு சவர்க்கார நீரும் மெல்லிய துணியும் போதும். மேலோட்டமான கீறலை 1000, 2000 இலக்க ஈர அரத்தாளும் பொலிஷும் போக்கும். மயிரிழை வெடிப்பு இருந்தால் தகட்டை மாற்றுவதே பாதுகாப்பு.

கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் விரிவு. வெயிலில் அக்ரிலிக் பைபரைவிட அதிகம் விரியும். துளைகள் போல்ட்டிலும் 3 மில்லிமீற்றராவது பெரிதாக இருக்கவேண்டும். நியூட்ரல் சிலிக்கன் 3 மில்லிமீற்றர் தடிப்புக்குக் குறையாமல் இருக்கும்படி இடையே சிறு றப்பர்த் துண்டுகள் வைத்து, லேசாகவே இறுக்குங்கள். சிலிக்கன் இறுகிய பிறகு துண்டுகளை எடுத்து, அந்த இடைவெளியையும் நிரப்புங்கள்.

கேள்வி: மாரிக்குக் கரையேற்றி வைக்கும் படகு, மாசியில் எடுக்கும்போது ஒருமுறையாவது உடனே ஸ்டார்ட் ஆவதில்லை.
– வாசகர், பொத்துவில்

பதில்: காபரேட்டருக்குள் விட்ட பெற்றோல் பிசினாகி ஜெட் துளைகளை அடைக்கிறது. கடைசி நாளில் நல்ல தண்ணீரில் ஓடவிட்டு, பெற்றோல்க் குழாயைக் கழற்றி, தானாக நிற்கும்வரை விடுங்கள். காபரேட்டர்க் கிண்ணத்தின் அடித் திருகையும் திறந்து வடியுங்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தேக்கரண்டி 2ரி (டூ ஸ்ட்ரோக்) எண்ணெய் விட்டு, கயிற்றை மெதுவாக நாலைந்து தரம் இழுங்கள்.

கியர் எண்ணெயை வைக்குமுன்பே மாற்றுங்கள். பழைய எண்ணெய் பால்போல வெளுத்து வந்தால் சீல் ஒன்றால் தண்ணீர் போகிறது. அப்படியே மூன்று மாதம் விட்டால் பல்லுகள் துருவேறும். புதிய எண்ணெயைக் கீழ்த் துளையால் ஏற்றி, மேல்த் துளையால் வழியும்வரை நிரப்புங்கள். மேலே இருந்து ஊற்றினால் காற்று சிக்கும். எஞ்சினை நிமிர்த்தியே வையுங்கள்.

படகின் அணியம் (முன்பக்கம்) உயர்ந்திருக்க, வடிகால் அடைப்பானைக் கழற்றி, தொலையாதபடி படகிலேயே கட்டிவிடுங்கள். 100 மில்லிமீற்றர் மழை, பத்துச் சதுர மீற்றர் படகில் ஆயிரம் லீற்றர், அதாவது ஒரு தொன். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பும் பெருகும். மூடும் விரிப்பை நடுவே கம்பு கொடுத்துக் கூரையாகக் கட்டுங்கள், தட்டையாகக் கட்டினால் அதுவே குளமாகிவிடும்.

மாசியில் பழைய பெற்றோலைச் சேர்க்காமல், புதிதாக 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர் எண்ணெய் கலந்து, பக்கத் துளையால் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தபின் புறப்படுங்கள். உங்கள் எஞ்சின் கையேடு வேறு விகிதம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.